டிராப் சி மெட்டல்கோர் ரிதம் டோன்: கம்பியில் தொடங்கி ஜேமிங் ஸ்டூடியோ வரை

மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) பாடல்களின் கனமான, இறுக்கமான கிட்டார் டோனைத் தேடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் நாப்) முழுக்கத் திருப்பி, பேஸையும் (அடி ஒலி) ட்ரெபிளையும் (மேல் ஒலி) ஏற்றி, மிட்டை (நடு ஒலி) அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத் தனியாக வாசித்தால் அறையே அதிர்கிற மாதிரி இருக்கும். அதையே ரெக்கார்ட் செய்து டிரம்ஸோடு சேர்த்துக் கேட்டால் கிட்டார் எங்கே போனது என்றே தெரியாது. மேலே ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல், கீழே பொதபொதவென்று ஓர் உப்பல், நடுவில் ஒன்றுமே இருக்காது. நானும் அங்கே நெடுநாள் திணறி, ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துச் சரிசெய்துதான் வெளியே வந்தேன். அந்த வரிசையை அப்படியே கீழே தருகிறேன், கோலாலம்பூரில் எதற்கு எங்கே போகலாம், எவ்வளவு ஆகும் என்பதோடு சேர்த்து.

ஒன்றை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்: வரிசையைத் தாண்டாதீர்கள். தளர்ந்த கம்பியை ஆம்ப் சரிசெய்யாது, தவறான கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலியை ஈக்யூ (ஈக்வலைசர்) சரிசெய்யாது. ஒரு படி ஒழுங்கான பிறகே அடுத்த படிக்குக் காசை எடுங்கள்.

1. என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

கிட்டார் ஏற்கெனவே இருக்கிறது, ஓரளவு ஓடுகிற மடிக்கணினியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் உள்ள எந்தக் கிட்டாரும் போதும். சிங்கிள் காயில் என்றால் இந்த அளவு கெய்னில் கரண்ட் இரைச்சலோடு மல்லுக்கட்டியே மாலை போய்விடும். மற்றபடி கம்பி ஒரு செட் 30 முதல் 50 வெள்ளி (ரிங்கிட்). கிட்டார் செட்டப்புக்கு 100 வெள்ளியை ஒட்டி ஒதுக்குங்கள், ஆளுக்கு ஆள் மாறும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 200 வெள்ளிச் சொச்சத்தில் தொடங்கி 700 வரை போகும். ஹெட்போன் இல்லாவிட்டால் இன்னும் ஒரு 200. மென்பொருளுக்கு முதலில் ஒரு காசும் வேண்டாம்: ரெக்கார்டிங் மென்பொருளான ரீப்பரை 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், கணினியிலேயே ஆம்ப் ஒலியைத் தரும் நியூரல் ஆம்ப் மாடலர் முற்றிலும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் ஆம்ப் பிளகின்களில் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) பலவற்றை 14 நாள் சும்மா ஓட்டிப் பார்க்க விடுவார்கள். ஆனால் அந்த 14 நாள் நீங்கள் நிறுவிய கணத்திலிருந்து ஓடும், ஆகவே கம்பி மாற்றி, இன்டர்ஃபேஸ் எல்லாம் சரியாகிற வரை அதைத் தொடவேண்டாம்.

வரியையும் கணக்கில் வையுங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் மென்பொருளுக்கான சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. அதோடு கார்டின் டாலர் மாற்று விகிதமும் சேரும். பட்டியலில் பார்த்த விலைக்கும் கார்டில் கழிகிற தொகைக்கும் இடைவெளி வருவது இதனால்தான்.

அப்புறம் காகிதங்கள். புதிதாக வாங்கினால், தரப்படுவது உள்நாட்டு விநியோகஸ்தரின் வாரண்டியா, விற்பவரே கொடுக்கும் வாரண்டியா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவது வகையில் அந்தக் கணக்கு மூடப்பட்டால் வாரண்டியும் போயிற்று. கடை ரசீது வெப்பத்தாளில் அச்சாகி வரும், நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களில் எழுத்து வெளிறிவிடும், ஆகவே அன்றைக்கே ரசீதையும் பொருளின் சீரியல் எண்ணையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பிளகின் உரிம எண் வந்த மின்னஞ்சலையும் தனியாக ஒரு கோப்புறையில் போடுங்கள். சில நிறுவனங்கள் ஐலாக் (மென்பொருள் உரிமங்களை வைக்கும் சேவை) கணக்கு கேட்கும். கணக்கு திறக்க இலவசம், ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் மீட்பது பெரிய வேலை.

முடா, கரோசல், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இணையச் சந்தைகளில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் பின்பக்கம் அச்சாகியிருக்கும் மின்னழுத்தத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது, ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்கானது. நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் அதன் விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு விலை பெரும்பாலும் மலிவாக இருக்காது. பெடல் அடாப்டரிலும் இதே கவனம் வேண்டும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ஏதோ ஓர் அடாப்டரைச் செருகாதீர்கள்.

எங்கே போவது என்றால், கிட்டாரையும் ஆம்பையும் கையால் தொட்டு வாசித்துப் பார்க்க முத்தியாரா டாமான்சாராவில் உள்ள பென்ட்லி மியூசிக் மாதிரி பெரிய கடை வசதி. ஹெட்போன், மடிக்கணினிச் சாமான்களுக்கு புக்கிட் பிந்தாங்கில் லோயாட் பிளாசா. கேபிள், ஜாக், சாலிடர் எல்லாம் புடு பக்கம் ஜாலான் பாசாரில் கிடைக்கும். சாலிடர் பிடிக்கத் தெரிந்தால் நல்ல கேபிளை நீங்களே பாதிக் காசுக்குச் செய்துகொள்ளலாம்.

2. கிட்டாரை முதலில் சரிசெய்யுங்கள்

பாதி டோன் இங்கேதான் இருக்கிறது, பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். மெட்டல்கோரில் அதிகம் புழங்குவது டிராப் சி: தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, சி, எஃப், ஏ, டி. வழக்கமான ட்யூனிங்கில் கீழ் ஈ 82.4 ஹெர்ட்ஸ், டிராப் சி-யில் அது 65.4 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. அதே கம்பியை மாற்றாமல் இப்படி இறக்கினால் அதன் இழுவை ஏறக்குறைய 37 விழுக்காடு குறைந்துவிடும். கம்பி தொளதொளவென்று ஆகி, பிக் பட்ட கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகு கீழே இறங்கும். அதை ஹை கெய்னில் கேட்டால் எல்லாக் கார்டும் சுருதி தப்பியது போலவே இருக்கும், நீங்களும் ஆம்பைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ள கிட்டாருக்கு 11-54 அல்லது 11-56 செட் நல்ல தொடக்கம்; இந்த எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். எர்னி பால் பீஃபி ஸ்லிங்கி 11-54, நாட் ஈவன் ஸ்லிங்கி 12-56. கை கனமாக விழும் ஆளென்றால் இரண்டாவதை எடுங்கள். 10-52 வைத்தும் வாசிக்கிறவர்கள் உண்டு, ஆனால் வலது கை மென்மையாக இருக்கவேண்டும்.

தடித்த கம்பி போட்டதும் நெக் வளைவு, கம்பி உயரம், 12-ஆவது ஃபிரெட்டில் இன்டொனேஷன் (கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்பது) எல்லாமே மாறும். நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பி உட்காரும் துண்டு) பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அதில் சிக்கி டிக் டிக் என்று சத்தம் போடும். இதைச் செய்து பழகாதவர்கள் செட்டப் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது எந்த ட்யூனிங், எந்த கேஜ் (கம்பித் தடிமன்) என்று ஒரு தாளில் எழுதிக் கிட்டார் பையிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் வழக்கமான ஈ ட்யூனிங்குக்குச் செய்து கொடுத்துவிடுவார்கள். சில நாள் ஆகலாம், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை இது. ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் என்றால் ஸ்பிரிங்கையும் சமன் செய்யவேண்டும், கூலியும் கூடலாம்.

பிக்கப் உயரத்தை நீங்களே செய்யலாம். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி இருக்கட்டும். மிக நெருங்கினால் ஒலி பிசுபிசுக்கும், விலகினால் குத்து குறையும். ஒவ்வொரு முறையும் அரைத் திருப்பு திருப்பி வாசித்துப் பாருங்கள். இஎம்ஜி 81 மாதிரி ஆக்டிவ் பிக்கப் என்றால் 9 வோல்ட் பேட்டரி புதிதா என்று பாருங்கள். பேட்டரி சாகும்போது ஒலி கரகரத்து மெலியும், அதைப் பிளகின் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ட்யூன் செய்யும்போது மெதுவாகத் தட்டி ட்யூன் செய்யாதீர்கள். ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வாசிக்கும் அதே வேகத்தோடு அடித்து, அந்தக் கணத்தில் ட்யூனர் காட்டுவதைப் பாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதியும் பதிவு) முன்னால் இதைச் செய்யவேண்டும், சலிப்பாக இருந்தாலும். பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். டன்லப் ஜாஸ் 3 நைலான் 1.38 மில்லிமீட்டர், நிறையப் பேர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு பொறி: நட்டுக்குப் பின்னால், ட்யூனிங் கட்டை வரை உள்ள கம்பித் துண்டும், பின்பக்கக் குழியிலுள்ள ஸ்பிரிங்குகளும் தானாக அதிரும். ரிஃப் நின்ற இடத்தில் கிணீர் என்று ஒரு மெல்லிய ஒலி மிச்சமிருக்கும், நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை மூடும் கருவி) அதை முழுக்கப் பிடிக்காது. நட்டுக்குப் பின்னால் தலைமுடி கட்டும் ரப்பரை மாட்டுங்கள், ஸ்பிரிங்குக்கு அடியில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. பிரேக்டவுனில் (பாட்டு வேகம் தளர்ந்து கனக்கும் பகுதி) வரும் அந்தச் சட்டென்ற நிசப்தம் இதனால்தான் கிடைக்கிறது.

நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள். ரெக்கார்டிங் இருந்தால் முதல்நாள் மாலையே புதுக் கம்பி போட்டு இழுத்து இழுத்து ட்யூன் செய்து வைத்தால் மறுநாள் நிலைக்கு வந்துவிடும்.

3. இன்டர்ஃபேஸ்: உள்ளே போகும் சிக்னல்

இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்று ஒரு பொத்தானோ துளையோ இருக்கும், கிட்டார் அதில்தான் போகவேண்டும். லைன் உள்ளீட்டில் செருகினால் டோன் மந்தமாகிவிடும். உள்ளீட்டு கெய்னை மிகக் கடுமையாக அடித்தாலும் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி வையுங்கள். பலமான சிக்னல் தரும் பிக்கப் என்றால் நாப் முழுக்கக் கீழே இருக்கும்போதே இந்த அளவு வந்துவிடலாம், அதில் தவறில்லை. சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியக்கூடாது, அங்கே உடைந்த ஒலியைப் பிறகு எதுவும் மீட்காது.

விண்டோஸ் கணினியில் இன்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) நிறுவுங்கள். மிக மலிவான சிலவற்றுக்குச் சொந்த டிரைவர் இருக்காது, ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரை வைத்து ஓட்டவேண்டும். அதனால் வாங்கும் முன் இதைக் கேளுங்கள், கூட ஒரு 100 வெள்ளி போட்டாலும் பரவாயில்லை. பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் அந்தப் பஃபருக்கு 2.7 மில்லிவினாடி தாமதம். போய்வரும் மொத்தத் தாமதம் 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் கைக்குத் தெரியாது. படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள்.

புதியவர்கள் அதிகம் மாட்டும் இடம் டைரக்ட் மானிட்டர் பொத்தான். அது திறந்திருந்தால் பிளகின் ஒலியோடு கிட்டாரின் வெற்று ஒலியும் சேர்ந்து கேட்கும், டோன் டங்டங்கென்று கம்பித்தனமாக இருக்கும். அதை மூடுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளில் உள்ளீட்டை மோனோ என்று தேர்ந்தெடுங்கள், ஸ்டீரியோ என்றால் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும்.

உம்ம்ம் என்று கரண்ட் இரைச்சல் வந்தால் மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், அப்புறம் குழல் விளக்கை அணையுங்கள், அப்புறம் திரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, உடம்பை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகக் குறையும். அந்தக் கோணத்தில் நாற்காலியைப் போடுங்கள். மாலையில் இடி மின்னல் கூடினால் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

4. ஆம்புக்கு முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர்

இந்த இசையின் இறுக்கம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஐபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை ஆம்புக்கு முன்னால் போட்டு, டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க அல்லது அதை ஒட்டி, டோன் நடுவில். டிரைவைப் பூஜ்யத்தில் வைத்தால் பெடல் எதற்கு என்று தோன்றும். இந்தச் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகக் குறைத்து, நடுப்பகுதியைத் தூக்கி அனுப்புகிறது. ஆம்புக்குள் நுழையும் அடி ஒலி குறைந்ததும் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தைக் கம்பியில் வைத்து அடிக்கும் அடி) உப்பாமல் டக் டக்கென்று வெட்டி நிற்கிறது. அடி ஒலி வேண்டுமென்றால் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு, ஆம்பின் பேஸ் நாப்பிலும் கேபினெட்டிலும் சேர்த்துக்கொள்ளலாம், அங்கே அது சேறாவதில்லை.

இதற்கென்று பெடல் வாங்கவேண்டியதில்லை. இக்னைட் ஆம்ப்ஸ் வெளியிட்டுள்ள டிஎஸ்-999 இலவசம். பூஸ்ட்டை, அதாவது இந்தப் பெடலை, அணைத்தும் திறந்தும் ஒரே ரிஃப்பை வாசியுங்கள், தனியாகக் கேட்கும்போது பூஸ்ட் போட்டது மெலிவாகத் தோன்றினாலும் அப்படியே விடுங்கள்.

5. ஆம்ப்: கெய்னை மூன்றிலிருந்து ஏற்றிக்கொண்டு போங்கள்

பீவி 5150, அதே வம்சத்து 6505, ஈவிஎச் 5150 III, மெசா டூயல் ரெக்டிஃபையர். இந்த நாலில் ஒன்றின் மாதிரி உங்களிடம் இருந்தால் வேறு தேடவேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலருக்கான கேப்சர் கோப்புகள் (உண்மையான ஆம்பின் ஒலியைப் படியெடுத்தவை) டோன்3000 தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கும் முன் விளக்கத்தை வாசியுங்கள்: சில கேப்சர்களில் பூஸ்ட் பெடல் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், சிலவற்றில் கேபினெட்டும் சேர்ந்திருக்கும். தெரியாமல் அதன்மேல் இன்னொரு பூஸ்ட், இன்னொரு கேபினெட் போட்டால் ஒலி மூச்சடைத்துப்போகும். ஆம்ப் மட்டும் உள்ள கேப்சரை எடுங்கள்.

கெய்னை 3-இல் வைத்துத் தொடங்குங்கள். கீழ்க் கம்பியில் பாம் மியூட் அடித்து, பிறகு மூன்று சுரம் உள்ள கார்டைத் திறந்து அடியுங்கள். மூன்று சுரமும் தனித்தனியாகக் காதில் விழவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், பாம் மியூட்டுக்குப் போதிய நீளம் கிடைத்த இடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் 4, 5-ஐத் தாண்டாது. கை கூசும், கெய்ன் குறைந்தால் வாசிப்பின் பிசகெல்லாம் வெளியே தெரியும், அதனால்தான் எல்லோருக்கும் ஏற்றத் தோன்றுகிறது. ஆனால் பின்னால் இரண்டு டேக் ஒன்றின்மேல் ஒன்று சேரும்போது கெய்னும் சேர்ந்து கூடிவிடும்.

மற்ற நாப்களுக்குத் தொடக்க இடம்: பேஸ் 4, மிட் 5, ட்ரெபிள் 6, பிரசென்ஸ் 5, ரெசொனன்ஸ் 5. மிட்டைக் குறைக்கவேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும். குறைந்த ஒலியில் நம் காதுக்கு அடியும் மேலும் மங்கலாகவே கேட்கும், அதை ஈடுகட்டக் கை தானாக மிட்டைக் குறைத்துவிடும். மேடையில் ஒலியைக் கூட்டியதும் கிட்டார் காணாமல் போவது இப்படித்தான். கொண்டோவில் இரவு பத்து மணிக்குமேல் ஹெட்போனில் மெல்ல வாசிக்கிறவர்களுக்கு இது கட்டாயம் நேரும், ஆகவே நாப்களை இறுதி செய்யும் வேலையைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் தூக்கலான, பாட்டுக் கேட்பதற்கான ஹெட்போனும் இதே மாதிரி ஏமாற்றும்.

ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். சத்தமாக இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

6. கேபினெட் ஐஆர்: டோனை அதிகம் மாற்றுவது இதுதான்

ஆம்ப் பிளகினை மட்டும் கேட்டால் காதைக் கிழிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும் இயல்புள்ளது. அந்த வேலையை இங்கே இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு, சுருக்கமாக ஐஆர், செய்கிறது. செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் உள்ள 4x12 கேபினெட் (12 அங்குல ஸ்பீக்கர் நாலு), ஷூர் எஸ்எம்57 மைக். இந்தச் சேர்க்கையில் எடுத்த ஐஆர் ஒரு தொகுப்பு இலவசமாகத் தேடி எடுங்கள். ஐஆரை ஏற்ற இக்னைட் ஆம்ப்ஸின் நாடிர் இலவசம், நியூரல் ஆம்ப் மாடலரிலேயே ஐஆர் போடும் இடமும் இருக்கிறது.

தேர்ந்தெடுப்பதில்தான் ஆட்கள் மூழ்கிப்போகிறார்கள். ஒரு தொகுப்பில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். எட்டை மட்டும் எடுங்கள். மைக் ஸ்பீக்கரின் நடுமூடிக்கு நேரே இருந்தால் ஒலி கூர்மை, ஓரத்துக்கு நகர நகர இருட்டு. மூடி கூம்போடு சேரும் விளிம்பில் வைத்ததே பெரும்பாலும் பொருந்தும். டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் ஓடவிட்டு, உங்கள் ரிஃப்பைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எட்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றைப் பிடியுங்கள், அப்புறம் இந்த வாரம் முழுக்க அதைத் தொடாதீர்கள். ஐஆர் பிடிக்காததால் ட்ரெபிளைத் திருப்புவதும், ட்ரெபிள் பிடிக்காததால் ஐஆரை மாற்றுவதுமாகப் போனால் முடிவே வராது.

ஹை கெய்னை அரை மணி நேரத்துக்குமேல் விடாமல் கேட்டால் காது களைத்துவிடும், இன்னும் கூர்மை வேண்டும் என்று கேட்கும். இடையில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இறுதி முடிவை மறுநாள் காலையில் எடுங்கள்.

7. நாய்ஸ் கேட்

கேட்டை ஆம்புக்கு முன்னால், சங்கிலியின் முதல் இடத்தில் போடுங்கள். கையால் கம்பியை மூடிக்கொண்டு, இரைச்சல் அற்றுப்போகும் வரை திரெஷோல்டை (கேட் மூடத் தொடங்கும் அளவு) ஏற்றுங்கள், அதற்குமேல் ஒரு துளிகூட வேண்டாம். பிறகு ஒரு கார்டை நீளமாக ஒலிக்கவிடுங்கள். வால் பாதியில் அறுந்தால் திரெஷோல்ட் அதிகம். கெய்ன் சரியாக இருந்தால் கேட்டுக்கு அதிக வேலையே இருக்காது. உண்மையான ஆம்பில் பாஸ் என்எஸ்-2 மாதிரிப் பெடலை நாலு கேபிள் முறையில் இணைத்தால், கிட்டார் சிக்னலைப் பார்த்துக்கொண்டே ஆம்பின் ப்ரீஆம்ப் இரைச்சலையும் சேர்த்து மூடும்.

8. இரண்டு முறை வாசியுங்கள்

அந்தப் பெரிய, அகலமான சுவர் போன்ற ஒலி ஒரு கிட்டாரால் வருவதில்லை. ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடது பக்கம், இன்னொன்றை முழுக்க வலது பக்கம் தள்ளவேண்டும். ஒரு டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் சத்தம் கூடுமே தவிர ஒலி நடுவிலேயே நிற்கும். நகலைச் சில மில்லிவினாடி நகர்த்தி ஏமாற்றலாம் என்று சொல்வார்கள். ஒரே ஸ்பீக்கரில், மோனோவில் கேட்டால் ஒலி உள்ளீடற்றுப் போய்விடும். போனின் ஸ்பீக்கரிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டு டேக்கும் ஒட்டினால்தான் சுவர். மெட்ரோனோம் போட்டு, ரிஃப்பை நாலு பார் துண்டுகளாகப் பிரித்து எடுங்கள். பாம் மியூட் தொடங்கும் இடத்தைவிட நிறுத்தும் இடம் ஒட்டாததே அதிகம் காதை உறுத்தும். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஆகும், மூன்று நிமிடப் பாடலுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

பிளகின் எதுவும் சேராத வெற்று டிஐ கோப்பை எப்போதும் சேமித்து வையுங்கள், பெயரில் ட்யூனிங்கையும் வேகத்தையும் எழுதுங்கள். பிறகு எந்த ஆம்ப், எந்த ஐஆர் கிடைத்தாலும் அதே டேக்கை அதன் வழியே மறுபடி ஓட்டலாம்.

9. பேஸ் கிட்டார், அதன் பிறகு ஈக்யூ

கிட்டாரின் அடி ஒலி போதவில்லை என்று தோன்றினால் பேஸ் நாப்பைத் தொடும் முன் பேஸ் கிட்டார் இருக்கிறதா என்று பாருங்கள். ரெக்கார்டில் கேட்கும் கனத்தில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. அதிலும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கலந்திருக்கும், அதனால் காது அதைக் கிட்டாரின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால் உங்கள் டிஐ-யை ஓர் ஆக்டேவ் இறக்கித் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், டோன் பார்ப்பதற்கு அது போதும்.

ஈக்யூ குறைவாகவே வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுங்கள். 3.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் விசில் மாதிரி ஓர் உறுத்தல் இருந்தால் அந்த ஒரே இடத்தில் ஒடுக்கமாக 3 டெசிபெல் குறையுங்கள். பாம் மியூட் அடிக்கும்போது மட்டும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உப்பினால், அந்தப் பகுதியை மட்டும் பிடிக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரசரை வையுங்கள். நிலையான வெட்டுப் போட்டால் திறந்த கார்டும் மெலிந்துவிடும். இதற்குமேல் ஆறு, ஏழு இடத்தில் வெட்டவேண்டியிருந்தால் ஐஆர் தவறு, 6-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

10. ஜேமிங் ஸ்டூடியோவில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜேமிங் ஸ்டூடியோ (குழுவாக வாசித்துப் பழகும் அறை) வாடகை மணிக்கு 30 முதல் 50 வெள்ளி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், குழுவில் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. பதிவு செய்யும்போதே அங்கே எந்த ஆம்ப், எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் பின்னால் உள்ள சென்ட், ரிடர்ன் துளைகள்) உண்டா என்று கேளுங்கள். கால் மணி நேரம் முன்னால் போய் நின்றால் காசு கொடுத்த நேரத்தில் கேபிள் தேடவேண்டியிருக்காது.

மல்டி-எஃபெக்ட்ஸ் கொண்டுபோனால் அதை ஆம்பின் முன்துளையில் செருகாமல் பின்பக்க எஃபெக்ட்ஸ் ரிடர்னில் செருகுங்கள், அதன் கேபினெட் ஐஆரை அணையுங்கள். அங்கே உண்மையான கேபினெட் இருக்கிறது, இரண்டு சேர்ந்தால் போர்வைக்குள்ளிருந்து கேட்கும். பிஏ-வுக்கு (மேடை ஒலிபெருக்கி அமைப்பு) நேராகப் போகிறதென்றால் ஐஆர் திறந்திருக்கவேண்டும். இரண்டுக்கும் தனித்தனி பேட்ச் (சேமித்து வைத்த அமைப்பு) செய்து பெயர் வைத்துவிடுங்கள்.

டியூப் ஆம்ப் ஹெட் என்றால் ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் சுவிட்சைப் போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஓம் அளவு இரண்டு பக்கமும் பொருந்தவேண்டும்: 16 ஓம் கேபினெட் 16 ஓம் துளைக்கு. ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையில் ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடாது.

வீட்டில் அமைத்த பேட்ச் அந்தச் சத்தத்தில் உப்பும். பேஸை ஒன்றரைப் புள்ளி குறையுங்கள், மிட்டை ஒரு புள்ளி ஏற்றுங்கள். ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் இருப்பதால் பக்கத்தில் நின்றால் கூர்மை காதுக்கு வராது. மூன்று மீட்டர் தள்ளிப் போய், முடிந்தால் குனிந்து, டிரம்ஸ் ஓடும்போதே கேட்டு ட்ரெபிளை வையுங்கள். இரண்டு கிட்டார் உள்ள குழுவென்றால் ஒருவர் கொஞ்சம் கூர்மை, ஒருவர் கொஞ்சம் மிட் என்று பிரித்துக்கொள்ளுங்கள், அங்கே அந்த இரண்டு பேர்தான் இடதும் வலதும்.

கிளம்பும் முன் ஆம்பின் நாப்களைப் போனில் படம் எடுங்கள், தேதியும் ஸ்டூடியோ பெயரும் படத்தோடு இருக்கட்டும். ஆக்டிவ் பிக்கப் உள்ளவர்கள் கிட்டாரிலிருந்து கேபிளை உருவிவிட்டுப் பையில் வையுங்கள்; செருகியே இருந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.